பாடநூலைக் காதால் படிக்க: தமிழ்வழி மாணவர்களுக்கு மின்னூலும் குரலும் அமைத்துத் தரும் முழுமையான வழிகாட்டி

"சார், ஆப் போட்டுட்டோம். பாடப் புத்தகத்தையும் இறக்கிட்டோம். ஆனா ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு ஏதோ உளறுது." வருடத்துக்கு நாலைந்து பெற்றோராவது இதே புகாரோடு வருகிறார்கள். செயலி சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஐந்து குறிகளும் சேர்ந்தால் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. குரல் உள்ளே கிடப்பதைத்தான் படிக்கும்.

எல்லோரும் செயலியிலிருந்து தொடங்குகிறார்கள். செயலி கடைசியில் வர வேண்டியது. முதலில் மாணவர், அடுத்து குரல், அப்புறம் கோப்பு, திருத்தம், தலைப்புகள். இவை முடிந்தபின் எந்தச் செயலியைப் போட்டாலும் பெரும்பாலும் ஓடும். 10ஆம் வகுப்புச் சமூக அறிவியல் நூலைத் தமிழ்வழியில் படிக்கும் ஒரு மாணவருக்குச் செய்வதாக வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். கணினி விண்டோஸ், கைபேசி ஆண்ட்ராய்டு.

1. முதல் அரை மணி நேரம் மாணவருக்கு

பார்வையற்றவர், குறைபார்வை உள்ளவர், டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) உள்ளவர், கையால் பக்கம் புரட்ட முடியாதவர் ஆகிய நான்கு பேருக்கும் ஒரே செயலியைப் போட்டுக் கொடுப்பது பலரும் செய்யும் முதல் தவறு.

பார்வையற்ற மாணவருக்குப் புத்தகம் மட்டும் பேசினால் போதாது. புத்தகத்தைத் திறக்கும் பொத்தானும் பேச வேண்டும். அதற்குத் திரையில் உள்ளதையெல்லாம் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வேண்டும்: கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக்.

குறைபார்வை உள்ளவர் பெரும்பாலும் தானே பார்த்துப் படிக்கத்தான் விரும்புவார். கண் சோரும்போதுதான் குரல் தேவை. இவருக்கு டாக்பேக்கைப் போட்டால் தொடுமுறையே மாறிப்போய்க் கைபேசியைத் தூக்கி வைத்துவிடுவார். ஆண்ட்ராய்டில் 'செலக்ட் டு ஸ்பீக்' என்ற வசதி இருக்கிறது. வேண்டிய பத்தியைத் தொட்டால் அதை மட்டும் படிக்கும். அதுவும் பெரிய எழுத்தும் போதும்.

டிஸ்லெக்சியா உள்ளவருக்குக் குரல் ஓடும்போது அந்தந்தச் சொல் திரையில் நிறம் மாறிக் காட்ட வேண்டும். கண்ணும் காதும் ஒரே சொல்லில் நின்றால்தான் பயன். எட்ஜ் உலாவியில் உள்ள 'ரீட் அலவுட்' இதைச் செய்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும்.

கை வசப்படாதவருக்கு ஒரே பொத்தானில் ஓடவும் நிற்கவும் வேண்டும். இயர்போன் ஒயரில் உள்ள பொத்தானே பல நேரம் போதுமானது.

இதையெல்லாம் அம்மாவிடம் கேட்காதீர்கள், மாணவரிடம் கேளுங்கள். "இப்போ எப்படிப் படிக்கிறே, யார் படிச்சுக் காட்டுறாங்க, எங்கே நின்னுபோகுது" என்ற மூன்று கேள்விகளில் உங்கள் வேலை பாதி தெளிவாகிவிடும்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினி, அதில் வேர்ட். என்விடிஏ இலவசம், அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி. ஒயர் உள்ள இயர்போன்: புளூடூத்தில் குரல் சற்றுத் தாமதமாக வரும், சிலவற்றில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் விழுங்கப்படும். புதிதாகக் கற்பவரை அது குழப்பிவிடும்.

மிக முக்கியமானது, மாணவர் வகுப்புக்குக் கொண்டுபோகும் அதே அச்சுப் புத்தகம். இணையத்தில் கிடைத்த பிடிஎஃப் வேறு பதிப்பாக இருந்தால் பக்க எண் மாறும், சில பாடங்களே மாறியிருக்கும். முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது மருத்துவச் சான்றின் நகலையும் எடுத்து வையுங்கள். நான்காம் படியில் அது வேண்டும்.

3. குரலை நிறுவி, இணையத்தை அணைத்துச் சோதியுங்கள்

கைபேசியில் செட்டிங்ஸுக்குள் அக்சஸிபிலிட்டி, அதற்குள் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' பகுதி. சில கைபேசிகளில் இது மொழிப் பகுதிக்குள் ஒளிந்திருக்கும், மேலே உள்ள தேடல் பெட்டியில் தேடிவிடுவதே எளிது. பேச்சு இயந்திரமாகக் கூகுளுடையதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி நிறுவனம் சொந்தமாக ஒன்றை வைத்திருந்தால் அதில் தமிழ் இல்லாமல் போகலாம். பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, குரல் தரவில் தமிழை இறக்குங்கள்.

கணினியில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், ஸ்பீச் என்று போய் 'ஆட் வாய்ஸஸ்' வழியாகத் தமிழைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற ஆண்குரல் வரும். என்விடிஏவில் அதைத் தேர்ந்தெடுக்க இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் அழுத்தி 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். என்விடிஏவோடு கூடவே வரும் இ-ஸ்பீக் குரலுக்கும் தமிழ் தெரியும். கேட்க இயந்திரம்போல இருக்கும், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் எழுத்துகள் குழையாது. பழகியவர்கள் பலர் கடைசியில் அதற்கே போய்விடுகிறார்கள். தொடக்கத்தில் வள்ளுவரே இருக்கட்டும்.

இனி சோதனை. கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டு ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். பேசினால் குரல் உண்மையிலேயே கைபேசிக்குள் இருக்கிறது. பேசாவிட்டால் இதுவரை இணையம் வழியாகப் பேசியிருக்கிறது. வீட்டில் வைஃபையில் நன்றாக ஓடியது வகுப்பில் ஊமையாவதற்கு இதுதான் காரணம். எட்ஜில் வரும் பல்லவி போன்ற இனிமையான குரல்களுக்கு எப்போதும் இணையம் வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

சோதனைப் பத்தியில் தமிழ், ஓர் ஆண்டு எண், நடுவே ஓர் ஆங்கிலச் சொல் மூன்றும் இருக்கட்டும். தமிழ் வரும் இடத்தில் மட்டும் குரல் அமைதியாகித் தாவினால், ஆங்கிலக் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குத் தமிழ் எழுத்து கண்ணிலேயே படாது. தமிழ்க் குரலை இயல்புக் குரலாக வையுங்கள். ஆங்கிலச் சொற்களை அது நம்மூர் உச்சரிப்பில் சமாளித்துக்கொள்ளும்.

4. யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று பாருங்கள்

இருநூறு பக்கத்தைத் திருத்தி முடித்தபின் அதே நூல் நூலகத்தில் இருப்பது தெரிந்தால் வயிறு எரியும். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 ஆகஸ்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா, டிசிஎஸ் ஆகியவற்றின் கூட்டில் தொடங்கியது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கானது. ஃபோரத்தின் உறுப்பு அமைப்பு ஒன்றின் வழியாகச் சேர வேண்டும். அடையாள அட்டை நகல் அங்கேதான் உதவும். உறுப்பினராவதற்குச் சில நாள் ஆகும் என்பதால் விண்ணப்பத்தை இன்றே போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடருங்கள்.

"இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா?" என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் இதற்கு இடம் தருகிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக, லாப நோக்கமின்றி, அவர் பயன்படுத்தத்தக்க வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றலாம், அவரோடு பகிரலாம். பொதுவில் எல்லோரும் இறக்கும்படி போட்டுவிடக் கூடாது. அந்த எல்லையை மறந்துவிடாதீர்கள்.

5. பிடிஎஃப்பை மூன்று கேள்வி கேளுங்கள்

ஒரு நிமிட வேலை. இதைத் தவிர்த்தவர்கள்தான் 'செமிகோலன்' புகாரோடு வருகிறார்கள்.

முதல் கேள்வி: ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் அது வெறும் படம்.

இரண்டாவது: தேர்ந்தெடுத்ததை நோட்பேடில் ஒட்டினால் தமிழாக வருகிறதா? ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் பழைய எழுத்துரு. பாமினி இலங்கைத் தமிழ் ஆவணங்களில் மிகுதி, இங்கேயும் குறைவில்லை. வானவில், டாப், டாம் என்று வேறு வகைகளும் உண்டு.

மூன்றாவது கேள்வியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒட்டினால் தமிழாகவே வருகிறது. ஆனால் பக்கத்தில் கண்ணெதிரே இருக்கும் 'பொருளாதாரம்' என்ற சொல்லைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து தேடினால் அகப்படவில்லை. ஒற்றைக்கொம்பு தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கண் அதைச் சேர்த்துப் படித்துவிடும். குரலோ கொம்பைத் தனியாக ஏதோ முனகிவிட்டு, 'பொ' வர வேண்டிய இடத்தில் 'பா' என்று படிக்கும். எ, ஏ, ஐ, ஒ, ஓ ஒலிகள் வரும் உயிர்மெய்கள் எல்லாமே உடைந்திருக்கும் என்பதால் ஒரு வரிகூடப் புரியாது.

மூன்று சோதனையிலும் தேறினால் நேரே ஏழாம் படிக்குப் போகலாம். அது அபூர்வம்.

6. படத்தை எழுத்தாக்குதல்

பழைய எழுத்துரு என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி போதும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பத்திக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்து அர்த்தமில்லாத தமிழாக மாற்றிவிடும். தமிழ் இலக்கணம், செய்யுள் போன்ற நூல்களுக்கு மாற்றி சரி. அடைப்புக்குறிக்குள் ஆங்கிலக் கலைச்சொல் நிறைந்த சமூக அறிவியலுக்கும் அறிவியலுக்கும் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் முறையே மேல். மூன்றாவது வகைக் கோப்பைச் சரிசெய்ய முயலவே வேண்டாம். கொம்புகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றும் நேரத்தில் முழு நூலையும் ஓசிஆர் செய்துவிடலாம்.

எளிய வழி கூகுள் டிரைவ். முதலில் பிடிஎஃப்பின் பக்கங்களைப் படக் கோப்புகளாக மாற்றிக்கொள்ளுங்கள். பிடிஎஃப்பாகவே கொடுத்தால் உள்ளே கிடக்கும் கெட்ட எழுத்தையே அது எடுத்துக்கொள்ளக்கூடும். படத்தை டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் 'ஓபன் வித்', 'கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்திருக்கும். ஒவ்வொரு கோப்பும் 2 எம்பிக்குள் இருக்கட்டும். கட்டளைச் சாளரத்துக்கு அஞ்சாதவர்கள் டெசராக்ட் என்ற இலவச நிரலைத் தமிழ்த் தரவோடு ஓட்டினால் நூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் முடிக்கலாம்.

அச்சு நூலைப் படம் எடுப்பதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பளபளப்புத் தாளில் பிளாஷ் விழும் இடம் வெள்ளையாகி நாலு வரி காணாமல் போகும். பக்கம் இடம், வலம் என இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்தால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாக வெட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடப்பக்க முதல் வரியும் வலப்பக்க முதல் வரியும் ஒட்டிக்கொண்டு, பாதி வாக்கியம் முதல் உலகப்போரிலும் பாதி வாக்கியம் பருவமழையிலும் நிற்கும்.

7. திருத்தம்: அதிக நேரம் இங்கேதான் போகும்

வரிசையாகச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேராது.

முதலில் வரி முறிவுகள். ஓசிஆர் ஒவ்வொரு அச்சு வரியின் முடிவிலும் ஒரு பத்திக்குறியை வைத்துவிடும். குரல் ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கும். வேர்டின் 'ரிப்ளேஸ்' பெட்டியில் பத்திக்குறியைத் தேடி இடைவெளியாக மாற்றுங்கள். அதற்கு முன் உண்மையான பத்தி முடிவுகளில் ஓர் அடையாளக் குறியைப் போட்டு வைக்காவிட்டால் முழுப் பாடமும் ஒரே பத்தியாகிவிடும். தமிழ் அச்சில் வரி முடிவில் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலே உடைப்பார்கள் என்பதால் 'பள் ளிக்கூடம்' போன்றவை மிஞ்சும். அவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து பக்கத்தின் தலையிலும் காலிலும் திரும்பத் திரும்ப வரும் நூல் பெயர், பாடப் பெயர். இவற்றை அழிக்காவிட்டால் வாக்கியத்தின் நடுவில் குரல் திடீரென்று நூலின் பெயரைச் சொல்லும். பக்க எண்ணை மட்டும் அழிக்காதீர்கள். அது எட்டாம் படிக்கு வேண்டும்.

மூன்றாவது எழுத்துக் குழப்பங்கள். தமிழ் ஓசிஆர் தவறும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை:

துணைக்காலும் ர-வும். 'நாடு' என்பது 'நரடு' ஆகும்.

ஔ-காரம். 'கௌரவம்' என்பதில் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் திரையில் ஒரே உருவம். 'கெளரவம்' என்று தனி ள-வாக இருந்தால் குரல் 'கெ-ள-ரவம்' என்று பிரித்தே படிக்கும். பார்வையுள்ளவர்கள் தட்டச்சு செய்யும்போதுகூட இந்தப் பிழை சகஜம். கௌ, மௌ, சௌ வர வேண்டிய சொற்களில் தனி ள இருக்கிறதா என்று தேடி மாற்றுங்கள்.

மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போவது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுவது. 'கேடு' என்பது 'கெடு' ஆனால் பொருளே போய்விடும்.

நான்காவது, காதுக்கு ஏற்ற சிறு மாற்றங்கள். பயிற்சிக் கேள்விகளில் வரும் நீண்ட கோட்டைக் குரல் ஒன்று 'அண்டர்ஸ்கோர் அண்டர்ஸ்கோர்' என்று பதினைந்து முறை சொல்லும், அல்லது சத்தமில்லாமல் தாண்டிவிடும். இரண்டிலும் மாணவருக்குக் கேள்வியே புரியாது. 'கோடிட்ட இடம்' என்று எழுதிவிடுங்கள். கி.மீ. போன்ற அளவுகளைக் கிலோமீட்டர் என்று விரிக்கலாம். திரு.வி.க. போன்ற பெயர்களை நான் தொடுவதில்லை. குரல் புள்ளிக்குப் புள்ளி நின்றாலும், தேர்வில் மாணவர் எழுத வேண்டிய வடிவம் அதுதான். அ, ஆ, இ, ஈ விடைகள் ஒரே வரியில் நெருங்கியிருந்தால் தனித்தனி வரியாக்குங்கள்.

கடைசியாக, கண்ணால் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள். அச்சு நூலில் விரலை ஓட்டிக்கொண்டு குரலைக் கேட்டால் கண் மன்னித்துவிட்ட பிழைகளைக் காது பிடித்துவிடும். முதல் பாடம் ஒன்றை மட்டும் இந்தப் படிவரை முடித்து மாணவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டபின் மற்றதைத் தொடுங்கள். முழு நூலையும் முடித்துக் கொண்டுபோய், "சார், அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற ஆங்கிலம் எல்லாம் எனக்கு வேண்டாம்" என்று கேட்டுத் திரும்பியவன் நான்.

8. தலைப்புகள், பக்க எண்கள்

நான் முதன்முதலில் செய்த நூலில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மாணவர் இரண்டாம் நாளே வந்து நின்றார். "மிஸ் பக்கம் 64 எடுங்கன்னாங்க சார். எல்லாரும் எடுத்துட்டாங்க. நான் மணி அடிக்கிற வரைக்கும் தேடிட்டே இருந்தேன்." எழுத்தெல்லாம் இருந்தது, நுழைய வாசல் இல்லை.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கினால் அது கண்ணுக்குத்தான் தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அதுவும் ஒரு சாதாரண வரி. வேர்டில் 'ஹெடிங்' பாணியைக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். பாடத் தலைப்புக்கு முதல் நிலை, உட்தலைப்புக்கு இரண்டாம் நிலை, அதன் உட்பிரிவுக்கு மூன்றாம் நிலை. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு 1, 2, 3 எண்களை அழுத்தினால் முறையே வந்துவிடும்.

பக்க எண்ணுக்கு ஆறாம் நிலைத் தலைப்பைப் பயன்படுத்துகிறேன். இதற்குக் குறுக்குவழி கிடையாது, பாணிப் பட்டியலில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் '64' என்று எழுதாமல் 'பக்கம் 64' என்று எழுதுங்கள். வாக்கியத்தின் நடுவில் அச்சுப் பக்கம் முடிந்தால், அந்த வாக்கியம் முடிந்தபின் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாக்கியம் இரண்டாக வெட்டுப்படும்.

பலன் இதுதான்: என்விடிஏவில் இன்சர்டும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி உலாவு முறைக்கு வந்தால், 1ஐத் தட்டினால் அடுத்த பாடம், 2ஐத் தட்டினால் அடுத்த உட்தலைப்பு, 6ஐத் தட்டினால் அடுத்த பக்கம். ஷிஃப்ட்டோடு தட்டினால் பின்னோக்கிப் போகும். இன்சர்ட், எஃப்7 அழுத்தினால் எல்லாத் தலைப்புகளும் பட்டியலாக வரும்.

இதன்பிறகு டெய்சி கூட்டமைப்பின் 'வேர்ட் டு ஈபப்' என்ற இலவசக் கருவியால் ஈபப் என்ற மின்னூல் வடிவமாக மாற்றுங்கள். அங்கே மொழி என்ற இடத்தில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் என்று விட்டுவிட்டால் சில வாசிப்புச் செயலிகள் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும்.

கோப்புப் பெயரிலும் கவனம் வேண்டும். 'பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடம் மூன்று' என்று வைத்தால், ஒவ்வொரு கோப்பிலும் முதல் ஐந்து சொற்களைக் கேட்டு முடித்த பிறகுதான் எந்தப் பாடம் என்று தெரியும். '03 சமூக அறிவியல்' என்று வேறுபடும் பகுதியை முன்னால் வையுங்கள்.

9. படம், வரைபடம், அட்டவணை, கணக்கு

அலங்காரப் படங்களை நீக்கிவிடுங்கள். பாடத்துக்குத் தேவையான படத்துக்கு 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற இடத்தில் விளக்கம் எழுதுங்கள். 'ஆறுகளின் வரைபடம்' என்று எழுதுவது விளக்கமாகாது. பாடம் எதைக் கேட்கிறதோ அதைச் சொல்லுங்கள்: 'காவிரி கர்நாடகத்தின் குடகு மலையில் தொடங்கித் தென்கிழக்காக ஓடி, ஒகேனக்கல் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மேட்டூர், ஈரோடு, திருச்சி கடந்து பூம்புகார் அருகே வங்கக் கடலில் சேர்கிறது.' ஓட்டமாகச் சொன்னால் கேட்பவர் மனத்தில் கோடு விழும். விளக்கம் நாலு வரிக்கு மேல் போனால் படத்துக்குக் கீழே சாதாரணப் பத்தியாகவே எழுதிவிடலாம்.

அட்டவணையில் கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். இணைத்த கட்டத்தில் எந்தத் தகவல் எந்தத் தலைப்பின் கீழ் என்பது குரலுக்குத் தெரியாது. மூன்று நெடுவரிசை கொண்ட சிறிய அட்டவணையை வாக்கியமாக்கிவிடுவதே மேல்.

கணக்கு தனிக் கதை. படமாக ஒட்டிய சமன்பாட்டைக் குரல் தாண்டிப் போய்விடும். சொற்களில் எழுதும்போது பின்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரிய வேண்டும். 'ஏ கூட்டல் பி பை சி' என்றால் பிக்குக் கீழே மட்டும் சியா, இரண்டுக்கும் கீழேயா? 'பின்னம் தொடக்கம், தொகுதி ஏ கூட்டல் பி, பகுதி சி, பின்னம் முடிவு' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது என்று மாணவரும் கணக்கு ஆசிரியரும் நீங்களும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

10. இப்போது செயலி, மாணவர் கையில்

கைபேசியில் டால்ஃபின் நிறுவனத்தின் ஈஸிரீடர் இலவசம். ஈபப், டெய்சி (பேசும் நூல் வடிவம்) இரண்டையும் திறக்கும், தலைப்பு தலைப்பாகத் தாவலாம். கணினியில் தோரியம் ரீடர் நல்லது, அதுவும் இலவசம். வேர்ட் கோப்பை நேரடியாக என்விடிஏவில் படிப்பவர்களும் உண்டு. மாணவருக்கு எது கைவருகிறதோ அது.

பழக்கும் வரிசை முக்கியம். முதலில் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள், அப்புறம் தொடங்க. கணினியில் கண்ட்ரோலைத் தட்டினால் பேச்சு நிற்கும். கைபேசியில் டாக்பேக்கை அணைக்க இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், இந்தக் குறுக்குவழியை அமைப்பில் முன்பே இயக்கி வையுங்கள். நிறுத்தத் தெரியாதவர் பேசும் கருவியைப் பார்த்துப் பயப்படுவார். உதவிக்கு நிற்கும் வீட்டாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்பேக் ஓடும்போது ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் "போன் ஹேங் ஆயிடுச்சு" என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு.

இரண்டாவது, தொடர்ந்து படிக்க வைப்பது: இன்சர்டும் கீழ் அம்பும். மூன்றாவது, ஒரு வரி பின்னால் போவது. நான்காவதுதான் தலைப்புத் தாவல். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

முதல் வாரம் பாடநூல் வேண்டாம். கருவியும் புதிது, பாடமும் புதிது என்றால் எது புரியவில்லை என்பதே மாணவருக்குத் தெரியாது. மதுரைத் திட்டத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் குரல் நேராகப் படிக்கக்கூடிய ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில் ஏராளமான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிடித்த கதை ஒன்றை எடுத்துக் கேட்கட்டும்.

வேகத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். தொடக்கத்தில் பேச்சு வேகத்தைவிடச் சற்று மெதுவாக வைத்து, வாரத்துக்கு ஒரு படி அவரே கூட்டட்டும். பழகிய மாணவர் வைத்திருக்கும் வேகம் உங்களுக்கு இரைச்சலாகக் கேட்கும். குறைத்து வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

எம்பி3 ஆக மாற்றித் தரும்படி பலர் கேட்கிறார்கள். பேருந்தில் கேட்க அது வசதி. பாடம் படிக்க அது மட்டும் போதாது: தேட முடியாது, பக்கத்துக்குத் தாவ முடியாது, ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்க்க முடியாது.

11. எழுத்துக்கூட்டல்

ஒலியால் மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ந, ன இரண்டும் ஒரே சத்தம். ர, ற நெருக்கம். ல, ள, ழ மூன்றையும் பல குரல்கள் தெளிவாகப் பிரிப்பதில்லை. நான்கு மாதம் நன்றாகக் கேட்டுப் படித்த மாணவர் விடைத்தாளில் 'வாள்' என்பதை 'வால்' என்று எழுதுவார். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இது இன்னும் சிக்கல்.

என்விடிஏவில் இட, வல அம்புகளால் எழுத்தெழுத்தாக நகரலாம். ஒவ்வொரு பாடத்திலும் புதிதாக வரும் பத்துச் சொற்களையாவது இப்படி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தாகவும் வித்தியாசம் கேட்காவிட்டால் சொல்லோடு சேர்த்துப் பெயர் வையுங்கள்: மலை ல, பள்ளி ள, தமிழ் ழ, மரம் ர, மறம் ற. பிரெய்லி தெரிந்த மாணவராக இருந்தால் அதை விடவே கூடாது. விரலில் படும் எழுத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உள்ள பிரெய்லி பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம்.

12. அடுத்த ஆண்டுக்கு

ஈபப்பைக் கொடுத்துவிட்டு வேர்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள். திருத்தம் எல்லாம் அதில்தான் நடக்கும். கோப்பின் முதல் வரியில் எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து செய்தது, எந்தத் தேதியில் திருத்தியது என்று எழுதி வையுங்கள். மாணவர் வகுப்பில் கண்டுபிடிக்கும் பிழைகளைக் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லி மாதம் ஒருமுறை சேர்த்துத் திருத்துங்கள். புதுப் பதிப்பு வந்தால் முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடத்தின் முதல் பக்க எண்ணையும் கடைசிப் பக்க எண்ணையும் பழையதோடு ஒப்பிடுங்கள். எண் மாறிய பாடங்களை முதலில் எடுங்கள், மற்றவற்றைக் குரலில் ஒருமுறை ஓட்டிச் சரிபார்த்தால் ஆயிற்று.